கீழேயே உட்கார்ந்திருப்பவர்

"வண்டியை எடுக்காதீங்க!" அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வழக்கமாக வரும் நர்ஸ் வைதேகி ஆட்டோவின் குறுக்கே நின்றாள். உள்ளே பாண்டுரங்கன், முதியோர் இல்லத்துக்குக் கிளம்பிவிட்டார்.

"நைனாவுக்கு ஞாபகம் பூட்ச்சி சிஸ்டர்," என்றான் மகன் டில்லிபாபு. "தெனம் கீழயே குந்திக்கினு கீறாரு. ஊட்டுக்கு வழி தெரில."

வைதேகி பெரியவரிடம் குனிந்தாள். "வீடு எங்கய்யா?"

"பி பிளாக், எட்டாவது மாடி, ஏழாம் நம்பரு. மருமக பேரு சொர்ணம். இன்னும் இன்னா வோணும்?"

"அப்புறம் ஏன் மேல போகல?"

அவர் மகனை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். வைதேகி மகனைத் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தாள்.

"படில எறங்கிடறேன்மா, ஏற முட்டி வுடல," என்றார் கடைசியில். "போன மாசம் லிப்ட்டுல மாட்டிக்கினேன். ரெண்டு மணி நேரம் இருட்டு. அத்தப் பாத்தாலே இப்போ நெஞ்சு அடைக்குது. பயம்னு பையன் கைல எப்டி சொல்றது?"