பஸ்தியேனின் குரல்

1953-ல் எனக்கு முதல் பெரிய படம் கிடைத்தது. சிறையிலிருந்து ஊர் திரும்பும் மீனவன் வேடம். பிரெத்தான் கடற்கரையில் ஒன்பது வாரம், மழையிலும் காற்றிலும் கத்திக் கத்தி நடித்தேன். படப்பிடிப்பு முடிவதற்குள் தொண்டை போய்விட்டது. பாரிசில் மருத்துவர் பார்த்துவிட்டு, குரல் நாணில் சின்னக் கட்டி, அதை எடுத்தபின் இரண்டு மாதம் வாயே திறக்கக்கூடாது என்றார். கடலோரத்தில் பதிவான ஒலியோ வெறும் இரைச்சல். முழுப் படத்துக்கும் டப்பிங் செய்தாக வேண்டும். படம் வெளியாகும் தேதியோ குறித்தாகிவிட்டது.

நான் ஒரு தாளில் பஸ்தியேனின் பெயரை எழுதிக் கொடுத்தேன். ரென் நகர நாடகப் பள்ளியில் என்னோடு படித்தவன், மூன்று வருடம் ஒரே அறையில் இருந்தவன். பாரிசின் சின்ன அரங்குகளில் நடித்துக்கொண்டிருந்தான்.

பன்னிரண்டு நாளில் பேசி முடித்தான். நான் இருட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் என் உதடு அசைந்தது, அவன் குரல் வந்தது. அந்த மீனவனுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. எனக்குச் சந்தோஷமாக இல்லை.

கடைசி நாள் அவன் சிகரெட் பிடிக்க வெளியே போயிருந்தபோது தயாரிப்பாளர் கேட்டார்: "டைட்டில்ல இவர் பேரையும் போட்டுடலாமா, எமெரிக்?"

எனக்குப் பேச முடியாது. தலையை இடமும் வலமுமாக அசைத்தேன். அவ்வளவுதான்.

முதல் காட்சியில் பெயர்கள் ஓடி முடிந்ததும் பஸ்தியேன் என் காதில் குனிந்து, "என் பேரு கடல்ல விழுந்துடுச்சு போலடா," என்று சிரித்தான். கம்பெனிக்காரர்கள் விட்டுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டான். நானும் சிரித்தேன்.

பத்திரிகைகள் எல்லாம் அந்தக் குரலைத்தான் எழுதின. எனக்கு விருது கொடுத்தார்கள். அடுத்த படத்தில் என் சொந்தக் குரல் கேட்டபோது, பாவம், ஆபரேஷனில் குரல் மாறிவிட்டது என்று பரிதாபப்பட்டார்கள். நான் மறுக்கவில்லை.

மறு வருடம் ஒரு மத்தியானம் பஸ்தியேன் வீட்டுக்கு வந்தான். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"மொர்வால் தியேட்டர்ல கூப்பிட்டிருந்தாங்க. பெரிய வேஷம். நாலு வரி பேசினேன், மொர்வால் கிழவர் கைய நீட்டி நிறுத்திட்டாரு. 'எமெரிக்க காப்பியடிக்கிற ஆளு எனக்கு வேணாம், தம்பி'ன்னாரு. நானாடா உன்ன காப்பியடிக்கிறேன்?"

"சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். சுத்தியிருந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க. நீ ஒரு கடுதாசி போடுடா. ரெண்டே வரி போதும். நீ சொன்னா நம்புவாரு."

"இன்னிக்கே போடறேன்," என்றேன்.

மேசையில் உட்கார்ந்தேன். 'மதிப்புக்குரிய ஐயா' என்று எழுதினேன். அந்த வாரம்தான் புதிய படத்துக்குக் கையெழுத்துப் போடவிருந்தேன். இது வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். நாளைக்கு எழுதலாம் என்று தாளை மடித்து வைத்தேன். பிறகு எழுதவே இல்லை.

பஸ்தியேன் ஈஸ்டர் வரை காத்திருந்தான். அப்புறம் ஊர் ஊராகப் போகும் ஒரு நாடகக் குழுவில் சேர்ந்துவிட்டான்.

பதினோரு வருடம் கழித்து ஒரு வானொலிப் பேட்டியில் அந்தக் குரலைப் பற்றிக் கேட்டார்கள். என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. "அது என் குரல் இல்ல. பஸ்தியேன் லெகல்லெக்னு ஒரு நடிகரோட குரல்," என்று சொல்லிவிட்டேன். தலையசைத்ததைச் சொல்லவில்லை. கடிதத்தையும் சொல்லவில்லை.

பேட்டி எடுத்த பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் என் பெருந்தன்மைதான் செய்தி.

சாயங்காலம் தொலைபேசி அடித்தது. "நல்லா நடிச்சடா," என்றான் பஸ்தியேன். "கடைசில அதுலயும் கைதட்டல் உனக்குத்தான்."

ஞாயிற்றுக்கிழமை, அவன் குழு ஆடிக்கொண்டிருந்த ஆன்ழே நகருக்குப் போனேன். பகல் காட்சி, பாதி அரங்கு காலி. ஒரு கருமி அப்பன் வேடத்தில் பஸ்தியேன் வந்தான். வாயைத் திறந்ததும் என் பின்னால் ஒரு பெண் தன் கணவனிடம் கிசுகிசுத்தாள்: "இந்த ஆளு அப்படியே எமெரிக் மாதிரியே பேசறான் பாருங்க." தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு குனிந்தேன்.

காட்சி முடிந்து ஒப்பனை அறைக்குப் போனேன். முகத்தில் கிரீம் தடவித் துடைத்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்ணாடியிலேயே பார்த்தான்.

"உக்காரு. நாற்காலி ஆடும், பாத்து."

உட்கார்ந்தேன். அவனே பேசினான்.

"ரேடியோல பேசினதுக்குப் போன்ல குத்தலா சொல்லிட்டேன். விடு. நீ அப்பவே எனக்காக எழுதினவன்தானே. அந்த மொர்வால்தான் கல்நெஞ்சன். ஒரு பதில்கூடப் போடல."

அப்படியே விட்டிருக்கலாம். விடத்தான் நினைத்தேன்.

"நான் எழுதல, பஸ்தியேன்."

துணி பாதி முகத்தில் நின்றது.

"டைட்டில்ல உன் பேரு வேணாம்னு சொன்னதும் நான்தான்."

அவன் துணியை மேசையில் வைத்தான். பக்கத்து அறையில் யாரோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"மூணு வருஷம் முன்னாடி மொர்வால் செத்தாரு," என்றான். "எங்க குழு மொத்தமும் அடக்கத்துக்குப் போச்சு. நான் போகல. ஒரு நல்ல மனுஷன பத்து வருஷமா திட்டிட்டிருந்திருக்கேன்."

"என்ன வேணும்னாலும் சொல்லு, செய்யறேன். ரெண்டு பேரும் சேந்து ஒரு..."

"எனக்கு ஆறு மணிக்கு இன்னொரு ஆட்டம் இருக்கு. எழுந்திரு, எமெரிக்."

அவன் 'டா' போடவில்லை. எழுந்து வெளியே வந்தேன்.

கம்பெனியோடு நான்கு மாதம் சண்டை போட்டு, படத்தின் புதிய பிரதிகளில் அவன் பெயரைச் சேர்க்க வைத்தேன். தலையசைத்ததையும் எழுதாத கடிதத்தையும் ஒரு பத்திரிகையில் என் கைப்பட எழுதினேன். இந்த முறை யாரும் பாராட்டவில்லை. இரண்டு பட வாய்ப்புகள் போயின. அந்தப் பத்திரிகையை அவனுக்கும் அனுப்பினேன். பதில் இல்லை.

போன இலையுதிர் காலத்தில், அந்தக் கட்டுரையைப் படித்திருந்த மொர்வாலின் மகள் எனக்கு எழுதியிருந்தாள். யாரோ ஒரு நடிகர் வந்து, அப்பாவின் கல்லறையில் வெள்ளைச் செவ்வந்தித் தொட்டி வைத்துவிட்டு, மழையில் அரைமணி நேரம் நின்றுவிட்டுப் போனாராம். ஆள் யாரென்று எனக்குத் தெரியுமா என்று கேட்டிருந்தாள்.

தெரியும் என்று அன்றைக்கே பதில் எழுதித் தபாலில் சேர்த்தேன்.