நுரை போன பிறகு

வெள்ளிக்கிழமை அவள் கணவனுக்கு இதய வால்வை மாற்ற வேண்டும். ஈறில் ரத்தம் கசிவது நின்றால்தான் மாற்றுவார்கள். வாயில் இருக்கும் கிருமி ரத்தத்தோடு போய்ப் புது வால்வில் உட்கார்ந்துகொள்ளுமாம். பல் டாக்டர் பல்லில் படிந்திருந்த காறையைச் சுரண்டி எடுத்து, பதினைந்து நாள் கொப்பளிக்க ஒரு மருந்து கொடுத்திருந்தார்.

பதினாறாம் நாள் டாக்டர் மெல்லிய கம்பியால் ஈறைத் தொட்டார். சிவப்பு எட்டிப் பார்த்தது. இன்னொரு இடத்தில் தொட்டார். அங்கும்.

“கறையே விழலையே,” என்றார்.

“ஒரு வேளைகூடத் தவறல டாக்டர். பல்லைப் பளிச்சுன்னு வெச்சிருக்கேன்.”

“விட்டா நாக்குக்கும் இஸ்திரி போட்டுடுவா,” என்றான் கணவன், வாயில் பஞ்சோடு.

டாக்டர் சிரிக்கவில்லை. “இந்த மருந்து பல்லுல ஒட்டினா ரெண்டு வாரத்துல லேசாப் பழுப்படிக்கும். இவருக்கு ஒட்டவே இல்ல. எப்படிம்மா குடுத்தீங்க?”

“பல் தேய்ச்சு நுரையைத் துப்பின கையோட ஒரு மூடி.”

“அரை மணி கழிச்சுன்னு எழுதியிருந்தேனே?”

எழுதியிருந்தார். காலையில் அவளுக்கு ஆறு மணி ஷிஃப்ட். கணவனை நம்பி மருந்தை விட்டுப்போனால் மறந்துவிடுவான். இரவில் அரை மணிக்குள் தூங்கிவிடுவான். வாய் சுத்தமாக இருக்கும்போதே கொடுத்தால் இன்னும் நல்லது என்று நினைத்தாள்.

“பேஸ்ட்ல நுரைக்குன்னு ஒண்ணு சேர்ப்பாங்க. இந்த மருந்து அதைப் பாத்தா…”

“கட்டிப்பிடிச்சுக்கும்,” என்றாள் அவள்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

ஒன்பது வருடமாக அவளுக்குச் சலவைக்கூடத்தில் வேலை. சோப்பு நுரை முழுக்கப் போகும் முன் துணியை மிருதுவாக்கும் திரவத்தை ஊற்றக்கூடாது. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சாக்கடைக்குப் போய்விடும். துணிக்கு எதுவும் மிஞ்சாது. போன வாரம்கூட ஒருத்தியை அதற்காகத் திட்டினாள். ‘அவ்வளவு என்னடி அவசரம் உனக்கு?’

ஆபரேஷன் செய்யலாம் என்ற சீட்டில் பல் டாக்டர் கையெழுத்துப் போடவில்லை. இதய ஆஸ்பத்திரியில் அடுத்த தேதி எழுபது நாள் கழித்துத்தான் கிடைத்தது. இந்த மாதம் தாண்டினால் என் கையில் இல்லை என்று அங்கே இருந்த டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அவளிடம் மட்டும்.

மறுநாள் காலை அவள் வேலைக்குப் போகவில்லை. கணவன் பல் தேய்த்தான். தண்ணீரில் இரண்டு முறை கொப்பளித்தான். நடுவில் மூச்சு வாங்கியது. வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். அவள் மருந்து பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

“என்ன, அடுப்புல பால் வெச்ச மாதிரி என் வாயையே பாத்துட்டு இருக்க?”

“அரை மணி ஆகணுங்க.”

“ஆகட்டும். எனக்கென்ன அவசரம், எழுபது நாள் கிடக்கு.”

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் இருபத்தாறு நிமிடம் இருந்தது.