இரவல் பூட்டு

என் தங்கச்சி புருஷன் சட்டையை உள்புறம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு வேலைக்கு வருகிற ஆள். அன்றைக்குப் பூட்டை வீட்டிலேயே விட்டுவிட்டு என் முன்னால் வந்து தலையைச் சொறிந்தான்.

"மச்சான், உங்ககிட்ட இன்னொரு பூட்டு இருக்கா?"

எங்கள் ஆலையில் மெஷினுக்குள் இறங்குகிறவன் முதலில் அதன் சுவிட்சை அணைத்து, தன் போட்டோ ஒட்டிய பூட்டை அதில் மாட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். அவனே வந்து திறக்கிறவரை யாரும் கரண்ட் கொடுக்கக் கூடாது. பூட்டை இரவல் கொடுப்பது பெரிய தப்பு. ஆலை எலக்ட்ரீஷியனான எனக்குத் தெரியாததா? ஆனாலும் தங்கச்சி முகத்துக்காக என் இரண்டாவது பூட்டைக் கொடுத்தேன். வாய் மட்டும் சும்மா இருக்கவில்லை.

"தலை கழுத்தோட ஒட்டியிருக்கு மாப்ள, இல்லன்னா அதையும் வீட்டுலயே விட்டுட்டு வந்திருப்ப."

அவன் சிரித்துக்கொண்டே பூட்டை மாட்டிவிட்டு, தேய்ந்த பிளேடை மாற்றக் கலவை டிரம்முக்குள் நுழைந்தான். அதே டிரம்முக்குக் காலையில் நான்தான் கேபிள் மாற்றியிருந்தேன்.

அங்கிருந்து பம்ப் ரூமுக்குப் போனேன். ஒரு மோட்டார் ஓடமாட்டேன் என்று அரை மணி நேரமாக உயிரை வாங்கியது. அந்த எரிச்சலில் இருக்கும்போது சூப்பர்வைசர் போன் செய்தார்.

"டிரம் சுவிட்சுல உன் போட்டோ போட்ட பூட்டு தொங்குதேப்பா. கேபிள் வேலை முடிஞ்சுதா இல்லையா?"

"காலையிலேயே முடிஞ்சுது சார். கழட்ட மறந்திருப்பேன். என் டிராயர்ல இன்னொரு சாவி இருக்கு, எடுத்துத் திறந்துக்கோங்க."

என் இரண்டு பூட்டையும் திறக்கிற இன்னொரு சாவி வைத்திருந்ததும் தப்புதான். இன்னும் கொஞ்ச நேரம் மோட்டாரோடு மல்லுக்கட்டிவிட்டு, டெஸ்டரை எடுக்க இடுப்புப் பைக்குள் கையை விட்டேன். காலையில் கழற்றிய என் பூட்டு விரலில் இடித்தது.

டிரம்மில் தொங்குவது மாப்பிள்ளையின் உயிர். சூப்பர்வைசருக்குப் போன் அடித்தேன். பிஸி. மறுபடி அடித்தேன். பிஸி. ஓடினாலும் அந்த ஷெட்டுக்கு ஐந்து நிமிஷம் ஆகும்.

சைரன் ஊத ஆரம்பித்தது. இருபது நொடி ஊதிய பிறகு டிரம் சுற்றும். அந்தக் குறுகிய வாசலில் உடம்பை நெளித்து வெளியே வர ஒரு நிமிஷமாவது வேண்டும்.

பக்கத்து அறையில்தான் ஆலை முழுவதற்குமான மெயின் பிரேக்கர் இருந்தது. கதவை உதைத்துத் திறந்து சிவப்பு பட்டனை ஓங்கி அடித்தேன். விளக்கு, விசிறி, சைரன் எல்லாம் அடங்கின. சைரன் பாதியில் நின்றதா, ஊதி முடித்து நின்றதா? தெரியவில்லை. ஓடினேன். பாவி, பாவி என்று என்னையே திட்டிக்கொண்டு ஓடினேன்.

சூப்பர்வைசர் கையில் சாவியோடு சிலையாக நின்றிருந்தார். டிரம் வாசலில் மாப்பிள்ளையின் தலை தெரிந்தது. பிறகு தோள், பிறகு தோல் உரிந்த முழங்கை. கீழே இறங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நீங்கதான் அணைச்சீங்களா மச்சான்? நல்லவேளை. எவன் பூட்டைத் திறந்தான்?"

"நான்தான் திறக்கச் சொன்னேன் மாப்ள. உனக்குக் கொடுத்ததையே மறந்துட்டேன்."

அவன் என் கையை விட்டான்.

"இதை உங்க தங்கச்சிகிட்ட சொல்லிடாதீங்க" என்றான். "அப்புறம் அவ உங்க மூஞ்சியிலயே முழிக்க மாட்டா."

ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.