நான்காம் வரிசையில் தரை ஈரம்

எங்கள் குடும்பத்தில் ஒருவர் சொன்னால் சொன்னதுதான். நான் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவன். என் பச்சைக்கொடியை நம்பி ரயில்கள் போயிருக்கின்றன. அதே நம்பிக்கையோடுதான் என் மகன் என் வாய்ச்சொல்லை எடுத்துக்கொண்டு போனான்.

மகன் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட் நிறுவனத்தின் தலைவன். தெருவுக்குத் தெரு அவர்கள் கடைதான். அவனுடைய சம்பளத்தை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கிவிட்டார்கள் என்று பத்திரிகையில் செய்தி வந்தது. அந்தப் பெருமையை நான் முழுதாக அனுபவிக்க விடாமல், அதன் கீழேயே இன்னொன்றையும் போட்டிருந்தார்கள். கடை ஊழியர்களுக்கு இந்த ஆண்டு சம்பள உயர்வு சந்தேகம்தானாம். பில் போடுகிறவர்கள் உட்கார்ந்திருந்தால் பார்க்க நன்றாக இல்லை என்று அவர்களுடைய ஸ்டூல்களையும் எடுத்துவிட்டார்களாம்.

காலையிலேயே சம்பந்தி போன் செய்தார். என் மகளை அவர் வீட்டில் கொடுத்த நாள் முதல் அவர் வாய்க்கு நான்தான் தீனி.

"சம்பந்தி, பேப்பர் பாத்தீங்களா? உங்க பையன் சம்பளத்துல இருக்கற சைபரை எண்ணி முடிக்கறதுக்குள்ள என் காப்பி ஆறிப்போச்சு."

"அவன் திறமைக்குக் குடுக்கறாங்க."

"திறமை இல்லன்னு யாரு சொன்னா? உக்கார்ற ஸ்டூலைக்கூட விட்டு வைக்கலையே!"

போனை வைத்துவிட்டேன். ஆனால் அந்தச் சிரிப்பு காதிலேயே நின்றது. மறு வாரம் பங்குதாரர்களின் கூட்டம். ஊழியர்களுக்கு உயர்வும் ஸ்டூலும் கொடுப்பதா வேண்டாமா என்று அங்கே முடிவாகப்போகிறது என்று மகனே சொல்லியிருந்தான். என் பிள்ளையைப் பற்றி ஊர் பேசுவது உண்மையா என்று நானே நேரில் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். சட்டையை இஸ்திரி போட்டு, செருப்பைத் துடைத்துப் பளபளப்பாக்கிக்கொண்டு பக்கத்துத் தெருக் கிளைக்குப் போனேன்.

ஒரு சோப்புக்கட்டியை எடுத்தேன். விலை ஒட்டியிருந்தது. இருந்தாலும் அடுக்கிக்கொண்டிருந்தவனிடம் விலை கேட்டேன். சட்டையில் குத்தியிருந்த அவன் பெயரைப் படித்தேன். யாரிடம் பேசினாலும் முதலில் பெயரைப் பார்ப்பது ஸ்டேஷன் பழக்கம். அவன் முகம் சட்டென்று மாறியது. நிமிர்ந்து நின்று புன்னகைத்தான். சற்று நேரத்தில் ஒலிபெருக்கியில் ஒரு குரல், "நான்காம் வரிசையில் தரை ஈரமாக உள்ளது" என்றது. நான் நின்றிருந்ததே நான்காம் வரிசைதான். தரை காய்ந்து கிடந்தது. யாரோ கவனக்குறைவாக அறிவிக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு கடையே என்னைப் பார்த்துச் சிரித்தது. பில் போடும் இடத்தில் நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி, ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றபடி, முகம் நிறையச் சிரிப்போடு, "வணக்கம் ஐயா. இந்த நாள் உங்களுக்கு இனிய நாளாக அமையட்டும்" என்றாள். என் முகத்தில் மகனின் சாயல் உண்டு. அவனுடைய அப்பா என்று கண்டுகொண்டார்கள், அந்த மரியாதைதான் இது என்று நெஞ்சு நிமிர்ந்து வீட்டுக்கு வந்தேன்.

மகனுக்குப் போன் செய்தேன். "நானே போய்ப் பாத்தேன். ஒருத்தர் முகத்துலயும் குறை இல்ல. வாயெல்லாம் சிரிப்பு."

"நெஜமாவாப்பா?"

"நான் எப்பவாவது பாக்காததச் சொல்லியிருக்கேனா?"

சம்பந்திக்கும் சொன்னேன். மற்ற உறவுக்காரர்களுக்கும் ஒருவர் விடாமல் சொன்னேன்.

கூட்டம் முடிந்த சில நாளில், அந்த மரியாதையை இன்னொரு முறை வாங்கிக்கொள்ளும் ஆசையில் மறுபடி கடைக்குப் போனேன். சோப்பைக்கூட நான் தேடவில்லை, நேராகப் பில் போடும் இடத்துக்கே போய்விட்டேன். அந்தப் பெண்ணைக் காணோம். எட்டிப் பார்த்தால், கவிழ்த்துப் போட்ட பால் பாக்கெட் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து கணுக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். செருப்பு வாரின் தடம் சதையில் பள்ளமாகப் பதிந்திருந்தது. என்னைக் கண்டதும் பதறி எழுந்தாள்.

"ஒரு நிமிஷம்தான் ஐயா உக்காந்தேன். எழுதிடாதீங்க. ஏற்கெனவே என் பேர்ல ரெண்டு புகார் இருக்கு."

"என்னத்த எழுதறது? யாருன்னு நெனச்சீங்க என்னை?"

"ஆபீஸ்லேருந்து வர்றவர் இல்லையா நீங்க?"

"நான் பக்கத்துத் தெருவும்மா."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். முதல் முறை பார்த்த சிரிப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

"அட போங்கய்யா! உங்களுக்கா அன்னிக்கு அப்படிச் சிரிச்சேன்? கன்னம் வலிச்சதுதான் மிச்சம்."

பக்கத்தில் பைகளில் சாமான் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் சொன்னார்: "நான் அப்பவே சொன்னேன்ல? ஆபீஸ் ஆளு செருப்பு இவ்ளோ பளபளன்னு இருக்காதுன்னு."

வாடிக்கையாளர் போல வேஷம் போட்டு அலுவலகம் ஆள் அனுப்புமாம். ஒரே ஒரு சாமான் வாங்குவார்கள், தெரிந்த விலையையே கேட்பார்கள், சட்டையில் பெயரைப் படிப்பார்கள். சிரிக்காதவர்கள் பெயரை எழுதிக்கொண்டு போவார்கள். "அதான் நாலாம் வரிசை ஈரம்னு மைக்ல சொல்லுவோம். ஆளு வந்தாச்சு, எல்லாரும் பல்லக் காட்டுங்கன்னு அர்த்தம்" என்றாள் அவள்.

"அப்போ யாருக்கும் சந்தோஷம் இல்லையா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"சந்தோஷமா? கூட்டத்துல இந்தத் தடவை ஸ்டூலாவது திரும்பக் குடுப்பாங்கன்னு இருந்தோம். எம்.டி. எந்திரிச்சு, எங்கப்பாவே கடைக்குப் போய்ப் பாத்தாரு, எல்லாரும் சிரிச்ச முகமா இருக்காங்கன்னு சொன்னாராம். அவ்வளவுதான், எல்லாரும் கை தட்டி முடிச்சுட்டாங்க. எந்தக் கடைக்குப் போனாரோ அந்த மகராசன்!"

"கண்ணாடிய வீட்ல வெச்சிட்டுப் போயிருப்பாரு" என்றார் பெரியவர்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன் என்று. சிரித்துவிட்டு வெளியே வந்திருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. என் காதுமடல்கள் சுட்டன.

"கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான் வந்தேன்" என்றேன். "நான்தாம்மா அவனோட அப்பா."

அவள் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் காலால் பெட்டியை மெல்ல உள்ளே தள்ளினாள். இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்து நிமிர்ந்தாள். முதல் நாள் பார்த்த அந்தச் சிரிப்பு, பல் பல்லாக, அவள் முகத்தில் திரும்பி வந்தது.

"வணக்கம் ஐயா. இந்த நாள் உங்களுக்கு இனிய நாளாக அமையட்டும்."

கடை வாசலிலேயே நின்று மகனுக்குப் போன் செய்தேன். நான் சொன்னது தப்பு, கூட்டத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் அதைச் சொல்லிவிடு என்றேன்.

"அப்பா, நீங்க பொய் சொல்லலையே. பாத்ததத்தான சொன்னீங்க? விடுங்க, முடிஞ்சுபோன விஷயம்" என்றான். குரலில் அன்பு இருந்தது. வெயிலில் நிற்காமல் வீட்டுக்குப் போகச் சொன்னான்.

வீட்டுக்குப் போனேன். நான் பெருமையாகப் போன் செய்த ஒவ்வொருவரையும் நினைத்துப் பார்த்தேன். யாரிடம் சொல்லக் கூசியதோ அவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும் என்று பட்டது.

"சொல்லுங்க சம்பந்தி!" என்றார் அவர். கேலியைக் குரலிலேயே தயாராக வைத்திருந்தார். "என்ன, பையனுக்கு மறுபடி ஏத்திட்டாங்களா?"

"இல்ல. நான் கடைக்குப் போனதா உங்ககிட்ட ஒண்ணு சொன்னேன் இல்ல, அதைப் பத்தித்தான்" என்று ஆரம்பித்தேன்.

முழுவதும் கேட்டார். நான் முடித்த பிறகும் அவர் பேசவில்லை. அவருடைய கேலிக்காக, வாழ்க்கையில் முதல் தடவையாக, நான் காத்துக்கொண்டிருந்தேன்.