இரண்டு வண்டிகளுக்கு நடுவே

அந்தக் குடும்பத்துக்கு லீவு நாளில் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கத் தெரியாது. வெயில் காலம் என்றால் ஏரி, மழை விட்டதும் அருவி, குளிர் தொடங்கினால் மலை. ஓர் அண்ணன், இரண்டு தங்கைகள். மூன்று பேருமே காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவர்கள். அதிலும் பெரிய தங்கைக்கு வீட்டில் வைத்த பெயரே ‘காத்தாடி’. ஓர் இடத்தில் கால் தரிக்காது.

அந்தக் காத்தாடியைக் கட்டிக்கொண்டவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் ஓடும் குழிக்குள் இறங்கி, கம்பிக் கயிறுகளுக்குக் கிரீஸ் போடுவதும் பிரேக்கைச் சரிபார்ப்பதும் அவர் வேலை. நாலு பக்கமும் சுவர், தொட்டால் இரும்பு, கையில் டார்ச். அங்கே நிம்மதியாக இருப்பார். ஆனால் திறந்த வெளி அவருக்கு ஆகாது. மலைச் சரிவில் நின்றால் பக்கத்து மரத்தைப் பிடித்துக்கொள்வார். பத்து மாடி உயரத்தில் தொங்குகிற மனுஷன் இடுப்பு உயரப் பாறையைப் பார்த்துப் பம்முகிறாரே என்று மச்சான் கேலி செய்வார். அவரும் சிரித்துக்கொள்வார்.

கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து ஒரு பயணத்தைக்கூட அவர் விட்டதில்லை. விட அவள் விட்டதில்லை என்பதுதான் சரி. மலைப் பாதையில் அவள் முன்னால் ஓடுவாள். கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கத் திரும்பி வந்து, “இன்னும் இங்கதானா இருக்கீங்க?” என்று ஒரு திட்டு திட்டிவிட்டு மறுபடி ஓடுவாள். மற்றவர்கள் ஒரு தடவை ஏறிய மலையை அவள் அவருக்காக மூன்று தடவை ஏறியிருப்பாள். பிள்ளைகள் பிறக்கவில்லை. அதனால் என்ன, அண்ணன் பிள்ளைகளும் தங்கை பிள்ளைகளும் அவள் இடுப்பிலும் தோளிலும்தான் வளர்ந்தார்கள்.

ஒரு மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ரத்தத்தில் கோளாறு என்றார்கள். அருவிக்குப் போக வேண்டிய வாரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். திரும்பி வரவில்லை.

அடுத்த வெயில் காலத்தில் மச்சான் ஃபோன் செய்தார். “நீங்க வராம எப்படி மாப்பிள்ளை?” என்றார். போகாவிட்டால் அவர்கள் மனசு கஷ்டப்படும் என்று நினைத்து இவர் கிளம்பினார்.

ஏரிக்கரையில் அவருக்கென்று ஒரு மடக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். மச்சான் மனைவி, “நீங்க முதல்ல சாப்பிடுங்கண்ணா” என்று தட்டை நீட்டினாள். முன்பெல்லாம் எல்லோரும் தின்று முடித்தபிறகு பாத்திரத்தின் அடியைச் சுரண்டுவதில் அவருக்கும் காத்தாடிக்கும் சண்டை நடக்கும். இப்போது வாழைப்பழத்தைக்கூடத் துடைத்துக் கையில் கொடுத்தார்கள். அந்தத் தட்டை வாங்கியபோதுதான், தான் விருந்தாளி ஆகிவிட்டது அவருக்கு உறைத்தது.

சாப்பிட்டபின் மச்சான் தண்ணீரில் ஓட்டுச் சில்லு விட்டார். ஒரு சில்லு தாவித் தாவிப் போய் ஒரு வாத்தைத் துரத்தியது. மச்சான் வயிறு குலுங்கச் சிரித்தார். அசல் அவள் சிரிப்பு. மூச்சு முட்டி நடுவில் ஒரு விக்கல் விழும் அதே சிரிப்பு. இவர் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். மச்சான் அந்தப் பார்வையைக் கண்டுகொண்டு, பாதியில் வாயை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு அன்று யாரும் பலமாகச் சிரிக்கவில்லை.

மழை முடிந்ததும் அருவி. போகும்போது சகலையின் காரில் ஏற்றினார்கள். திரும்பும்போது, “அண்ணன் வண்டியில இடம் தாராளமா இருக்கு அத்தான்” என்று சொல்லி மச்சினி கதவைத் திறந்துவிட்டாள். அவர் இறங்கி அடுத்த வண்டியில் ஏறினார். பிள்ளைகள் நெருக்கியடித்து நகர்ந்து இடம் கொடுத்தார்கள். இடம் ஒன்றும் தாராளமாக இல்லை.

பிறகு குளிர் காலம். மலை.

பாதி வழியில் ஒரு தட்டைப் பாறை இருந்தது. அதற்கு மேல் முடியாது, இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டார். சரி, வரும்போது கூட்டிப் போகிறோம் என்று சகலை சொன்னார். கூட்டம் பேசிக்கொண்டே மேலே போய் மரங்களுக்குள் மறைந்தது. பேச்சுச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை.

அவர் ஃபிளாஸ்கில் இருந்த டீயைக் குடித்தார். பனி ஏறி வந்து எதிர் மலையை மூடியது. கீழே பார்க்காமல் தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார். நேரம் போகப் போக விரல்கள் விறைத்தன. பாறையின் மேல் இருந்த வெயில் நகர்ந்து, புதரில் விழுந்து, அங்கிருந்தும் போய்விட்டது. மேலே போனவர்கள் யாரும் வரவில்லை. யாருக்காவது கால் பிசகியிருக்குமோ என்று பயந்து, இறங்கி வந்த ஒரு ஜோடியை விசாரித்தார். உச்சியில் யாருமே இல்லை, மறுபக்கமாக ஒரு குறுக்குப் பாதை இருக்கிறது, நிறையப் பேர் அதில்தான் இறங்குவார்கள் என்று அவர்கள் சொன்னார்கள்.

ஒவ்வொரு மரமாகப் பிடித்துக்கொண்டு தனியாக இறங்கினார். கீழே வண்டி நிறுத்தும் மைதானம் காலியாகக் கிடந்தது. சீட்டுக் கிழிக்கிறவர் கூண்டைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

“அந்த ரெண்டு வண்டியும் அப்பவே போயிடுச்சே. நீங்க அவங்க கூட வந்தவரா?” என்று கேட்டார்.

“இல்லைங்க. நான் தனியாத்தான் வந்தேன்.”

ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. வாயிலிருந்து வந்துவிட்டது. சொன்னபிறகு அது பொய் மாதிரியும் இல்லை.

கடைசி பஸ் நின்றுகொண்டிருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தார். ஃபோனில் சிக்னல் இல்லை. கீழே இறங்கி சிக்னல் வந்ததும் விடாமல் அடிக்கப் போகிறார்கள், ஆளைக் காணோம் என்று தவித்துக்கொண்டிருப்பார்கள், முதலில் மச்சானைச் சமாதானப்படுத்த வேண்டும் என்று வார்த்தைகளைக்கூடச் சேர்த்து வைத்துக்கொண்டார். ஒரு வளைவு திரும்பியதும் ஃபோன் உயிர் பெற்று ஒரு தடவை அதிர்ந்தது. குடும்பக் குழுவில் ஒரு படம். உச்சிப் பாறையில் எல்லோரும் தோளில் கைபோட்டு நின்றார்கள். வேறு எதுவும் இல்லை. ஒருவரும் கூப்பிட்டிருக்கவில்லை.

மலை ஊர்கள் வந்தன, ஆட்கள் இறங்கினார்கள். ஃபோனை உள்ளங்கையில் வைத்தபடியே இருந்தார். அவர்களாகக் கூப்பிடட்டும் என்று ஒரு பிடிவாதம். ஆனால் அவர்கள் வீடு போய்ச் சேர்ந்து, கதவைத் திறந்து எண்ணிப் பார்க்கும்போது பிள்ளைகள் பதறிப்போய்விடுமே என்று தோன்றியது. மச்சினியை அழைத்தார்.

“சொல்லுங்க அத்தான். அண்ணன் சாப்பிட எங்கயாவது நிறுத்தறாராமா?”

“நான் பஸ்ல வந்துட்டிருக்கேன்மா.”

“எந்த பஸ்?” என்று மெதுவாகக் கேட்டாள். அடுத்த நொடி வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி அவள் புருஷனிடம் கத்துவது கேட்டது.

அவர் இறங்கி நின்ற மலையடிவார நிறுத்தத்துக்கு இரண்டு வண்டிகளும் திரும்பி வந்து நின்றன. மச்சான் அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். நீங்களே முன்னால் இறங்கி வந்து அந்த வண்டியில் ஏறியிருப்பீர்கள் என்று நினைத்தேன் என்று சகலை திரும்பத் திரும்பச் சொன்னார். மச்சான் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஒன்றுமில்லை, பஸ் வசதியாகத்தான் இருந்தது என்று அவர்தான் ஒவ்வொருவராகத் தேற்ற வேண்டியிருந்தது. மச்சினி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் அவள் மட்டும் வீட்டுக்கு வந்தாள். அவர் சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார். அவள் அலமாரியைப் பார்த்தாள், அக்காவின் டம்ளரைப் பார்த்தாள், உட்காரவில்லை.

“எல்லாரும் அடுத்த வண்டின்னு நினைச்சோம். அது நெஜம்தான்” என்றாள். “ஆனா ஏன் அப்படி நினைச்சோம்னு யாரும் சொல்லலை, இல்ல?”

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

“நீங்க இல்லாதப்போ, அக்கா எங்கயோ முன்னாடி போயிருக்கா, வந்துடுவான்னு இருக்கும் அத்தான். நீங்க வந்து நின்னா பக்கத்துல அவ இல்லாதது தெரியுது. எங்க வண்டியில வேண்டாமே, அண்ணன் கூட வரட்டுமேன்னு நான் நினைச்சேன். அண்ணனும் அதையேதான் நினைச்சிருக்கார்.”

சொல்லிவிட்டு அடி விழப்போவது போல் கண்ணை மூடிக்கொண்டாள். அவருக்குக் கோபம் வரவில்லை. நாள்பட்ட வலிக்கு டாக்டர் ஒரு பெயர் சொன்னது மாதிரி இருந்தது.

“எனக்கு மலையே பிடிக்காதும்மா” என்றார்.

“தெரியும். அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. அப்புறம் ஏன் வந்தீங்க?”

“உங்க அண்ணன் சிரிச்சா அவ சிரிக்கிற மாதிரியே இருக்கும். அதைக் கேக்கத்தான்.”

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அவருக்கும் அழுகை வந்தது. பிறகு டீ போட்டார். காத்தாடியின் சாவுக்குப் பின் முதல் தடவையாக இரண்டு பேரும் அவளைப் பற்றிப் பேசினார்கள். பக்கத்து வீட்டு ஏணியில் ஏறி மாட்டிக்கொண்டது, ஏரியில் செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு வீடு வந்தது. போகும்போது மச்சினி வாசலில் நின்று, இனிமேல் கூப்பிடட்டுமா வேண்டாமா, மறைக்காமல் சொல்லுங்கள் என்று கேட்டாள்.

அவர் கொஞ்சம் யோசித்தார்.

“கூப்பிடுங்க. நான் வர மாட்டேன். ஆனா கூப்பிடுங்க.”

வெயில் காலம் வந்தது. மச்சான் கூப்பிட்டார், இவர் வேலை இருக்கிறது என்றார். அன்று சாயங்காலம் ஏரியிலிருந்து திரும்பும் வழியில் எல்லோரும் வீட்டுக்கு வந்தார்கள். ஈரத் தலையும் மணலுமாகப் பிள்ளைகள் கட்டிலில் ஏறிக் குதித்தார்கள். சகலை படகிலிருந்து விழுந்த கதையை ஆளுக்கு ஒரு விதமாகச் சொன்னார்கள். தரையெல்லாம் சேறாகிப் போயிற்று. அவர்கள் போனபிறகு அதைத் துடைக்க அவருக்கு மனசு வரவில்லை.

மழை விட்டு அருவியிலிருந்து திரும்பும்போது நேரமாகிவிட்டது என்று வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் மட்டும் அடித்தார்கள். அவர் பால்கனியிலிருந்து கையாட்டினார். மூடிய கண்ணாடிக்குப் பின்னால் கைகள் தெரிந்தன. யார் கை எது என்று தெரியவில்லை.

குளிர் காலத்தில் ஃபோன் மட்டும் வந்தது. மச்சான் மலைக்குப் போவதாகச் சொன்னார், வருகிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றார் இவர். சரி மாப்பிள்ளை, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு மச்சான் உடனே வைக்கவில்லை. பின்னால் பிள்ளைகள் சட்டை தேடிச் சண்டை போடும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது. இவரும் வைக்காமல் நின்று அதைக் கேட்டார். பிறகு யாரோ அங்கே வண்டிச் சாவியைக் கேட்டார்கள், லைன் அறுந்துபோனது.