அனுப்புநர்: அமிர்தம்

என் அக்கா அமிர்தம் நான்கு வருடமாக அரசாங்கக் கணக்கில் ஆண்பிள்ளை. பட்டாவில் அவள் பெயரை அமிர்தலிங்கம் என்று ஏற்றிவிட்டார்கள். திருத்தித் தரச் சொல்லி கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் அலுவலகத்துக்குப் பதினோரு மனு கொடுத்திருக்கிறாள். எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டேன். சொன்னால் மற்ற அலுவலகங்கள் தங்களை விட்டுவிட்டதாகக் கோபித்துக்கொள்ளும். பதினொன்றில் இரண்டை, தேதி போடவில்லை என்று திருப்பிவிட்டார்கள். மீதி ஒன்பது பரிசீலனையில் இருக்கின்றன. பரிசீலனை என்பது எந்த அறையில் நடக்கிறது என்று இதுவரை யாரும் காட்டவில்லை.

அந்தப் பதினோரு மனுவின் நகல்களையும் ஒரு பலகையில் ஒட்டி, அதன்மேல் கரியால் அக்காவின் முகத்தை வரைந்திருந்தாள் அவள் மகள் சிந்துஜா. சிதம்பரத்துக்குப் பக்கத்தில் வெள்ளாறு பல்கலைக்கழகம், ஓவியத் துறை, இறுதியாண்டு. நான்கடி உயரப் படம். மூன்று மாத வேலை. கீழே ஓர் அட்டை: 'அனுப்புநர். ஊடகம்: மனு நகல், கரி.'

அன்று துறையின் கண்காட்சி இரவு. ஏழரை மணிக்கு வெளித்தேர்வாளர் வந்து, சுவரில் இருப்பதைப் பார்த்து மதிப்பெண் போடுவார். சுவரில் படம் இல்லையென்றால் பூஜ்ஜியம். இன்னும் ஒரு வருடம் படிக்கவேண்டும்.

'பொதுமக்கள் அனைவரும் வருக' என்று அழைப்பிதழில் போட்டிருந்ததை நம்பி, நானும் அக்காவும் செம்மண்டலத்திலிருந்து பஸ் பிடித்துப் போயிருந்தோம். பொதுமக்கள் உட்கார அங்கே ஒரு நாற்காலி கிடையாது. சிறப்பு விருந்தினருக்கு மட்டும் துண்டு போர்த்திய சோபா. கால் வலி தாங்காமல் அக்கா ஒரு மூலையில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, எழுந்திரிங்க! அது படைப்பு!" என்று ஒருவர் பதறி ஓடிவந்தார்.

ஒரு கால் ஒடிந்த அந்த நாற்காலிக்குப் பெயர் 'இன்மையின் வெளி'. அக்கா எழுந்து, சேலையால் அதைத் துடைத்து வேறு விட்டாள்.

ஓடிவந்தவர் துறைத்தலைவர் முனைவர் இளவரசு. ஜிப்பா, கழுத்தில் உருத்திராட்சம் மாதிரி ஏதோ விதை. நாற்காலியைக் காப்பாற்றிய கையோடு சிந்துஜாவின் படத்தைப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"சிந்துஜா, இத கழட்டிடும்மா."

"ஏன் சார்?"

"சீஃப் கெஸ்ட் யாருன்னு தெரியுமில்ல? ஜெயப்பிரகாஷ் சார். அவர் ஆபீஸ் பேரு இதுல பதினோரு எடத்துல இருக்கு. நம்ம புது பில்டிங் ஃபைல் அவர் டேபிள்ல இருக்கு. இந்த நேரத்துல இது தேவையா?"

"சார், ஏழரைக்கு எக்ஸாமினர் வர்றாங்க. செவுத்துல இல்லன்னா எனக்கு ஜீரோ சார்."

"அடுத்த வருஷம் இன்னும் நல்லா பண்ணலாம். கலைக்கு அவசரம் கூடாது."

எனக்கு உச்சந்தலை சுட்டது. "கலைக்கு அவசரம் கூடாதுங்க, சரி. பில்டிங்குக்கு மட்டும் என்னங்க அவசரம்?"

"நீங்க யாரு?"

"தாய்மாமன். பொதுமக்கள்ல ஒருத்தன். வரச் சொன்னீங்களே."

அதற்குள் ஸ்டூலோடு இரண்டு ஊழியர்கள் வந்துவிட்டார்கள். நான் படத்துக்கு முன்னால் போய் நின்றேன். "மேல கை வச்சீங்கன்னா இந்தாளு கத்துவான்" என்று என்னைப் பற்றி நானே எச்சரித்தேன். வாசலில் கார் ஹாரன் கேட்டது. இளவரசுவின் கண்கள் வாசலுக்கும் ஸ்டூலுக்கும் நடுவே தவித்தன.

"சரி, கழட்ட வேணாம். நீங்க மூணு பேரும் இதுக்கு முன்னாடி வரிசையா நில்லுங்க. நல்லா மறைச்சு. அவர் தாண்டிப் போறவரைக்கும் நகரக் கூடாது" என்று சொல்லிவிட்டு மாலையை எடுத்துக்கொண்டு ஓடினார்.

அக்காவையே அவள் சொந்த முகத்துக்குத் திரைச்சீலையாக்கிவிட்டுப் போகிறான் மனிதன். சிந்துஜா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்காக நானும் நின்றேன்.

ஜெயப்பிரகாஷ் வந்தார். பொன்னாடை, பூங்கொத்து, கைதட்டல். ஒடிந்த நாற்காலி முன்னால் நின்று, "நல்ல சிந்தனை" என்றார். பார்வையாளர் கருத்தேட்டில் எழுதச் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார். அப்போதுதான் எங்களைப் பார்த்தார்.

சுவர் ஓரமாக மூன்று பேர் வரிசை. முதல் ஆள் வயதான பெண். அவரைக் கண்டதும் அக்காவின் கைகள் தாமாகக் குவிந்தன. நான்கு வருடப் பழக்கம். அவருக்கு அதைவிட நெடுநாள் பழக்கம். நேராக எங்களிடம் வந்துவிட்டார்.

"என்னம்மா விஷயம்?"

"பட்டாவுல பேரு திருத்தங்க ஐயா" என்றாள் அக்கா, ஒதுங்கி வழிவிட்டு.

படத்திலிருந்த முகத்தை அவர் பார்க்கவில்லை. சத்தியமாகப் பார்க்கவில்லை. நான்கடி முகம் எதிரே இருக்க, குனிந்து அதன் கன்னத்தில் இருந்த மனுவை மட்டும் படித்தார். திறந்த பேனா கையில் இருந்தது. 'உரிய நடவடிக்கை எடுக்கவும்' என்று கன்னத்தின் குறுக்கே எழுதி, கீழே கையெழுத்தும் போட்டார். பச்சை மையில்.

சிந்துஜாவின் கை என் முழங்கையை இறுக்கிப் பிடித்தது. மூன்று மாதம் விரலால் தேய்த்துத் தேய்த்துக் கொண்டுவந்த நிழல் அது.

"ஆஹா!" என்று கைதட்டினார் இளவரசு. "சாரே படைப்புக்குள்ள வந்துட்டாரு! இதத்தான் இன்டராக்டிவ் ஆர்ட்னு சொல்றோம். நம்ம துறையோட அணுகுமுறையே இதுதான்!"

எல்லோரும் தட்டினார்கள். ஸ்டூல் தூக்கிவந்த இருவரும் தட்டினார்கள். தான் செய்தது என்னவென்று அப்போதுதான் புரிந்த ஜெயப்பிரகாஷ், கலைஞர்கள் சிரிக்கிற மாதிரி ஒரு சிரிப்பைக் கண்டுபிடித்துச் சிரித்தார். பதினோரு தடவை வெயிலில் நின்று கிடைக்காத வரி, கைப்பிசகாகக் கிடைத்தது. அதற்குக் கைதட்டல். வாய் வரைக்கும் கெட்ட வார்த்தை வந்தது எனக்கு. அதற்குள் சிந்துஜா என் கையை விட்டுவிட்டு முன்னால் போனாள்.

"சார், தேதி போடலீங்களே."

"தேதி எதுக்கும்மா? படந்தானே?"

"தேதி இல்லன்னு உங்க ஆபீஸ்ல எங்கம்மாவ ரெண்டு தடவ திருப்பி அனுப்பிட்டாங்க சார்."

குரலில் ஒரு பிசிறு இல்லை. கைதட்டல் நின்றது. அவர் இளவரசுவைப் பார்த்தார். இளவரசு தரையைப் பார்த்தார். ஐம்பது பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். அவர் குனிந்து தேதி போட்டார்.

"அந்தப் பேனாவ ஒரு நிமிஷம் குடுங்க சார்."

கொடுத்தார். சிந்துஜா அட்டையின் முன் மண்டியிட்டு, 'மனு நகல், கரி' என்பதற்குப் பக்கத்தில் 'பச்சை மை' என்று சேர்த்தாள். பேனாவை மூடித் திருப்பித் தந்தாள்.

ஏழரைக்கு வெளித்தேர்வாளர் தமிழ்ச்செல்வி வந்தார். படத்தை வெகுநேரம் பார்த்தார். அட்டையைப் படித்தார்.

"இந்தப் பச்சை எப்ப சேத்த?"

"இப்பதான் மேடம். காயல."

அவர் சிரிக்காமல் மதிப்பெண் போட்டார். தாளை மடித்ததும் சிந்துஜா ஆணியிலிருந்து பலகையை இறக்கினாள். "அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் கண்காட்சிம்மா! சார் சைன் போட்டிருக்காரு, கண்ணாடி போடப் போறோம்!" என்று இளவரசு பின்னாலேயே வந்தார்.

"திங்கக்கிழமை மனு நாளு சார்" என்றாள் அவள்.

வெளியே வந்தோம். பலகையின் ஒரு பக்கம் நான், மறு பக்கம் அவள். அக்கா அந்தக் கன்னத்தை, தன் கன்னம் என்பதையே மறந்தவளாக, கிட்டத்தில் போய்ப் பார்த்தாள்.

"டேய், மேல என்ன பேரு இருக்குன்னு பாத்தியா? அமிர்தம்தான இருக்கு?"

"அமிர்தந்தான்க்கா."

"அப்ப சரி. கரி ஒட்டாம புடி. கடலூர் பஸ்ஸுல இத நிக்க வச்சுதான் கொண்டுபோவணும்."