முன்சீட்டுக்கும் கேரியருக்கும் நடுவில்

முத்துத்தாயின் முழங்கால் ஹாண்டில்பாரில் இடிக்க ஆரம்பித்தது அந்த வருஷத்து ஆடித்தபசுத் திருவிழா முடிந்த கையோடுதான். மூன்றரை வயசுக்கு நல்ல நீளமான பிள்ளை. ஒன்றரை வயசிலிருந்து அப்பா மூக்காண்டியின் சைக்கிள் பாரில் மாட்டியிருந்த பிரம்புச் சீட்டில் உட்கார்ந்து, பெல்லை அடித்துக்கொண்டே சங்கரன்கோவில் ஊரைச் சுற்றியவள். மூக்காண்டி எட்டு மணி ஷிப்டுக்குத் தறிக்கூடம் போகிற வழியில் அவளைப் பால்வாடியில் இறக்கிவிடுவான். அம்மா வள்ளித்தாய் வீட்டிலிருந்தபடியே தறிக்கு நூல் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு திங்கட்கிழமை காலையில், பஸ் ஸ்டாண்டு முக்கில் லாரி ஒன்று எதிரே வந்தது. மூக்காண்டி ஒதுங்கப் பார்த்தான். பிள்ளையின் முழங்கால் குறுக்கே நின்றதால் ஹாண்டில்பார் திரும்பவில்லை. இரண்டு பேரும் ரோட்டில் விழுந்தார்கள். லாரியின் சக்கரம் பிள்ளையின் தலைக்கு ஒரு முழத்தில் வந்து நின்றது. டிரைவர் பதறிப்போய் இறங்கி வந்து பிள்ளையைத் தூக்கினான். மூக்காண்டி எழுந்த வேகத்தில் அவன் வாயிலேயே ஒரு குத்து விட்டான். டிரைவரின் உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம்.

மூக்காண்டியின் சுபாவம் அது. பயந்தால் கை நீளும். கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் வள்ளித்தாய் அதைத் தெரிந்து வைத்திருந்தாள். அவன் பயந்திருக்கிறான் என்று தெரிந்தால் எட்டி நிற்பாள். அன்று அவளுக்கும் பயம் இருந்ததால் அதை மறந்துபோனாள்.

"நாளையிலேர்ந்து இவ பின்னாலதான்" என்றான் மூக்காண்டி, வீட்டுக்குள் நுழைந்ததும்.

"கேரியர்லயா? கால் எங்கன எட்டும்? தொங்கிக்கிட்டுல்லா கெடக்கும்."

"எம்முதுகைப் பிடிச்சுக்கிடுவா."

"தூங்கி விழுந்துட்டா? கொஞ்ச நாளு நான் நடத்திக் கூட்டிட்டுப் போறேன். அவளுக்குக் கால் எட்டட்டும்."

"அப்போ நான் பெத்த பிள்ளையக் கொல்லப் பாக்கேன்னு சொல்லுதியா?"

அவள் அப்படிச் சொல்லவில்லை. சொல்லவில்லை என்று சொல்வதற்குள் அறை விழுந்தது. நூல் கூடையோடு சாய்ந்தாள். காது குப்பென்று அடைத்துக்கொண்டது. முத்துத்தாய் சுவர் மூலையில் ஒட்டிக்கொண்டு, உருண்டு வந்த நூல் கட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலமே, செய்ததற்கு மாற்றுச் செய்கிறவன் போல, மூக்காண்டி சைக்கிளை உருட்டிக்கொண்டு தெரு முனையிலிருந்த முகம்மது மைதீனின் கடைக்குப் போனான். வள்ளித்தாய் பிள்ளையை நடத்திக்கொண்டு பின்னால் போனாள். மைதீன் வாடகை சைக்கிள் விடுகிறவர், பஞ்சர் ஒட்டுகிறவர். வீங்கியிருந்த அவள் கன்னத்தை ஒரு தடவை பார்த்தார். அதற்கப்புறம் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

பிள்ளையைத் தூக்கிக் கேரியரில் உட்கார வைத்துவிட்டுக் கீழே குந்தினார். இரண்டு கால்களும் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஆடின.

"இங்கன பாரும் வே. குதிங்கால் கம்பிக்குள்ள போறதுக்குத் தோதாத் தொங்குது. நாலு விரக்கடை உயரத்துக்கு ஒரு சின்ன சீட்டுச் செஞ்சு, ரெண்டு பக்கமும் கால் வைக்கக் கம்பி வச்சு, சக்கரத்துக்கு வலையும் போட்டுத் தாரேன். வியாழக்கிழமை வாரும். அதுவரைக்கும் இவளை ஏத்தாதேயும்."

மூக்காண்டி தலையை ஆட்டினான்.

மறுநாள் காலையில் ஒரு தலையணையை மடித்துக் கேரியரில் வைத்துக் கட்டினான். பிள்ளையைத் தூக்கி வைத்து, தன் இடுப்போடு சேர்த்துத் துண்டால் ஒரு சுற்றுச் சுற்றினான். வள்ளித்தாய் வாசலில் வந்து சைக்கிளுக்கு முன்னால் நின்றாள்.

"வியாழக்கிழமைன்னு சொன்னாருல்லா."

"தள்ளு."

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. ஹாண்டில்பாரை விட்டு எழும்பிய வலது கையைப் பார்த்தாள். ஒரு எட்டு விலகி வழிவிட்டாள். அந்த ஒரு எட்டு பின்னால் எத்தனையோ நாள் அவளைச் சாப்பிட விடாமல் செய்தது.

தெரு முனை திரும்புவதற்குள் அலறல் கேட்டது. போட்டது போட்டபடி ஓடினாள். சைக்கிள் சாய்ந்து கிடந்தது. பிள்ளையின் இடது குதிங்கால் சக்கரக் கம்பிகளுக்கும் சட்டத்துக்கும் நடுவில் மாட்டியிருந்தது. இடுப்புத் துண்டு அவிழாததால் மூக்காண்டியும் பிள்ளையோடு சேர்ந்து தரையில் கிடந்தான். என்ன செய்கிறோம் என்று தெரியாமல் காலைப் பிடித்து இழுத்தான். அவன் இழுக்க இழுக்கத் தோல் உரிந்தது.

"இழுக்காதேயும், பிள்ளைய விடும்" என்று கத்திக்கொண்டே மைதீன் கட்டிங் பிளேயரோடு ஓடி வந்தார். ஒவ்வொரு கம்பியாக வெட்டினார். ஏழு கம்பி. ஒவ்வொரு கம்பி தெறிக்கும்போதும் பிள்ளையின் உடம்பு தூக்கிப் போட்டது. ஏழாவது கம்பி அறுந்தபோது கால் வெளியே வந்தது. குதிங்கால் சதை பிளந்து உள்ளே வெள்ளையாக எலும்பு தெரிந்தது. வள்ளித்தாய் முந்தானையைச் சுற்றிப் பிள்ளையை அள்ளிக்கொண்டு ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டு முடிக்க ஒரு மணி நேரமானது. மூக்காண்டி வெளியே வேப்பமரத்தில் தலையை முட்டிக்கொண்டு நின்றான். நெற்றியில் ரத்தம் வழிந்தது.

அங்கேதான் சண்முகையா வந்து சேர்ந்தான். வள்ளித்தாயின் அண்ணன், பக்கத்துத் தெருக்காரன், சரக்குக் கிட்டங்கியில் மிளகாய் வத்தல் மூட்டை தூக்குகிறவன். விஷயம் கேட்டதும் தோளில் தொங்கிய மூட்டைக் கொக்கியோடு அப்படியே ஓடி வந்திருந்தான். எதுவும் கேட்கவில்லை. மூக்காண்டியின் முடியைப் பிடித்துக் கீழே இழுத்துப் போட்டு வயிற்றில் மிதித்தான். முகத்தில் மிதித்தான். மூக்காண்டி கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. ஒரு பல் மண்ணில் விழுந்தது. சுற்றி நின்றவர்கள் பிடிக்கப் போனபோது சண்முகையா தோளிலிருந்த கொக்கியை உருவிவிட்டான். பிடிக்கப் போனவர்கள் பின்வாங்கினார்கள்.

கட்டுப் போட்ட காலோடு பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வள்ளித்தாய் வெளியே வந்தது அப்போதுதான். பிள்ளை அப்பாவைப் பார்த்துவிட்டு, "எப்பா, எப்பா" என்று தொண்டை கிழியக் கத்தினாள். வள்ளித்தாய் பிள்ளையை ஒரு நர்ஸம்மாவின் கையில் திணித்துவிட்டு ஓடிப்போய் இறங்கிக்கொண்டிருந்த கொக்கியைப் பிடித்தாள். முனை அவள் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு போனது.

"விடுட்டி. இன்னைக்கு இவனை உசுரோட விட மாட்டேன்."

"இவரைக் கொன்னா எம்பிள்ளைக்குக் கால் சேந்துருமா?" ரத்தம் ஒழுகுகிற கையால் கொக்கியை விடாமல் பிடித்திருந்தாள். "அஞ்சு வருசமா அடி வாங்குதேன். பக்கத்துத் தெருவுலதானே இருந்த? ஒருநாளு வந்து என்னன்னு கேட்டியா? இப்ப நாலு பேரு பாக்காங்கன்னதும் கொக்கியைத் தூக்கிட்டு வாரியா?"

சண்முகையாவின் கை தளர்ந்தது. கொக்கி அவள் கையோடு வந்துவிட்டது. அவன் கேட்டைத் தாண்டிப் போனான்.

அவள் தரையில் கிடந்தவனிடம் திரும்பினாள். "எம்பிள்ளை எப்ப எதுல ஏறணும்னு இனி நான் சொல்லுதேன்."

அப்படிச் சொல்லிவிட்டதால் எல்லாம் மாறிவிடவில்லை. ஐப்பசி மாதம் தையல் ஆறி, பிள்ளை காலை லேசாகச் சாய்த்து நடக்கத் தொடங்கியிருந்தாள். ஒருநாள் மத்தியானம் மூக்காண்டி, "மைதீன் பாய் சீட்டு செஞ்சு வச்சிருக்காரு. நாளைக்கு ஏத்திப் பாப்போம்" என்றான். அவள் வேண்டாம் என்றாள். அவன் மறுபடி சொன்னான். அவள் மறுபடி வேண்டாம் என்றாள். அவன் கை எழும்பியது.

வள்ளித்தாய் இந்தத் தடவை விலகவில்லை. ஆணியில் மாட்டியிருந்த அண்ணனின் கொக்கியை எடுத்து மடியோடு வைத்துக்கொண்டு அவனுக்கு நேராக நின்றாள். அவன் கொக்கியின் முனையைப் பார்த்தான். எழும்பிய கையைச் சுவரில் ஓங்கிக் குத்தினான். விரல் மொளி உடைந்து பதினைந்து நாள் வேலைக்குப் போகவில்லை.

ஒரு வருஷத்துக்கு மேலாக வள்ளித்தாய்தான் பிள்ளையை நடத்திக்கொண்டு போனாள். தை மாதம் மைதீன் கடைக்குக் கூட்டிப்போய், கேரியரில் மாட்டிய புதுச் சீட்டில் உட்கார வைத்துப் பார்த்தாள். கால் எட்டியது. ஆனால் குதிங்கால் சக்கரத்து வலையில் பட்டதுமே பிள்ளை விறைத்துப்போய் மூத்திரம் விட்டுவிட்டாள். வள்ளித்தாய் அவளை இறக்கிக் கூட்டி வந்தாள்.

அதற்கடுத்த வருஷம் ஐந்து வயசு முடிந்து ஒன்றாம் வகுப்பில் சேர்த்த பிறகு ஒருநாள், முத்துத்தாயே சைக்கிள் பக்கத்தில் போய் நின்று, "எம்மா, நான் ஏறட்டுமா?" என்றாள்.

"கண்ணு சொருகுனா என்ன செய்வ?"

"எப்பாவை நிறுத்தச் சொல்லுவேன்."

"நிறுத்தலைன்னா?"

பிள்ளை யோசித்தாள். "கடிச்சிருவேன்."

மூக்காண்டி சிரித்தான். வள்ளித்தாய் சிரிக்கவில்லை. பிள்ளையைத் தூக்கி வைத்தாள். காலைக் கம்பியில் வைத்து அழுத்திப் பார்த்தாள். சைக்கிள் மெதுவாக நகர்ந்தது. அவளும் ஒரு கையால் சீட்டைப் பிடித்தபடி பள்ளிக்கூட வாசல் வரைக்கும் கூடவே ஓடினாள். மறுநாளும் ஓடினாள். மூச்சு வாங்க அவள் ஓடி வருவதைத் தெருவே பார்த்தது. மூக்காண்டிக்கு அது கேவலமாக இருந்தது. ஆனாலும் சைக்கிளை வேகமாக மிதிக்கவில்லை.